ஒரு வருடம் தள்ளிக் கொடுத்த லட்டு

துபாயில் நான் கம்பி கட்டும் வேலை பார்த்தேன். ஊரில் என் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு, டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நுழைவுத் தேர்வுக்கு மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு என்ன பண்ணுது?" என்று நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் கேட்டார்கள். டிகிரி முடித்தவள் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மெடிக்கல் காலேஜ்ல சேந்துட்டா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ரூமில் என் பெயர் டாக்டர் அப்பா. மேல்கட்டிலில் படுக்கும் செல்வம், "முதுகு வலிக்குது, பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுண்ணே" என்பான். நானே தைலம் தேய்க்கச் சொல்வேன்.

ஒரு வருடம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மகள் போனில் அழுதாள். "அப்பா, மெடிக்கல் சீட் கெடச்சிருச்சுப்பா."

பர் துபாய் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு கிலோ லட்டு வாங்கி வந்தேன்.

"என்னண்ணே விசேஷம்?" என்றான் செல்வம்.

"பொண்ணுக்கு மெடிக்கல் சீட் கெடச்சிருச்சு."

"அது போன வருஷமே கெடச்சதுதானே?"

பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் அவள் உட்கார்ந்து படித்த அந்த ஒரு வருடம் இல்லாமலே போய்விடும் என்று தோன்றியது.

"அப்ப சொன்னது பொய்டா. வீட்டுல இருந்துதான் படிச்சா. இப்பதான் கெடச்சுது."

செல்வம் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டான். "அப்ப என் முதுகுக்கு வைத்தியம் பாத்தது நீதானாண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் இரண்டாவது லட்டை எடுத்தான்.

மறுநாள் சைட்டில் கேட்டவர்களிடமெல்லாம், டிகிரி முடித்தவள் மறுபடி உட்கார்ந்து படித்தாள் என்பதைத்தான் முதலில் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.