பக்கத்து வீட்டு வாசல் உப்பு

கனடாவின் பிக்கரிங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஜப்பானியர். போன மாரியில் முதல் பனி கொட்டிய காலை, அவர் வாசலின் இரு பக்கமும் சின்னத் தட்டுகளில் உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டுப் பனியை உருக்கக் கைப்பிடி உப்பு எந்த மூலைக்கு? தபால்காரர் விழுந்து இடுப்பை முறித்தால் யார் பதில் சொல்வது? என் கராஜில் இருந்த உப்பு மூட்டையைத் தூக்கிப்போய் அவர் படியெல்லாம் கொட்டினேன். அந்தத் தட்டுகளையும் கவிழ்த்துப் பரப்பிவிட்டேன்.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். அது பனிக்கு வைத்ததல்ல, கெட்டது வீட்டுக்குள் வராமல் வாசலைத் தூய்மையாக்கும் ஷின்டோ வழக்கம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு படியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு உப்பைத் தாண்டி இனி எதுவும் வராது என்று குனிந்து நன்றியும் சொன்னார்.

என் மனைவி அப்படி விடவில்லை. "நாவூறு கழிக்க நானும் உப்புச் சுத்திப் போடுறனான்தானே. பாத்தும் உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அடுத்த பனிக்கு எங்கள் வாசலிலும் இரண்டு குவியல்கள் இருந்தன. அவரிடம் கேட்டு அவளே வைத்தவை. நான் மூட்டையைத் தூக்கினேன்.

"உதை இஞ்சாலை கொண்டு வராதேங்கோ! சாமி உப்போடை கலந்துபோடும்."

கோபத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு விறுக்கென்று படியில் கால் வைத்தேன். அடுத்த கணம் மல்லாந்து கிடந்தேன். மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, உப்பிலை கால் படேல்லைத்தானே?"