ஈறில் தொடங்கிய காய்ச்சல்

பல் துலக்கும்போது ரத்தம் வருவதை நான் ஒரு நோயாகவே எண்ணவில்லை. மனைவி இருந்தவரை, காலையில் காபி கேட்டால் "வாய் நாறுது, மொதல்ல கொப்புளிச்சுட்டு வாங்க" என்று துரத்துவாள். அவள் போன பிறகு, சாரம் பகுதியில் இருக்கும் இந்த வீட்டில் என்னைத் துரத்த ஆளில்லை. பிரஷ்தான் முரடு என்று வேறு பிரஷ் வாங்கினேன். ஒரு பக்கத்துப் பல் ஆடியது, மறுபக்கம் மென்றேன். பிரச்சினை தீர்ந்தது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்தவர்கள் வாசலிலேயே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்க வேண்டும். போன கிறிஸ்துமசுக்குப் பாரிசிலிருந்து வந்த என் ஒரே மகள், ஒரு கன்னத்தோடு நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விட்டாள். இருந்த நாளெல்லாம் சோபாவின் மறுகோடியில்தான் உட்கார்ந்தாள். அப்பன் வேண்டாதவனாகிவிட்டான் என்று மனதுக்குள் பொருமினேன். திரும்பிப் போன பிறகு அவள் போன் செய்தால் "ம்", "சரி" என்பதோடு முடித்துக்கொண்டேன். வீம்பு எனக்குக் கைவந்த கலை.

அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல் வரத் தொடங்கியது. மாத்திரை போட்டால் இறங்கும், மறுநாள் திரும்ப வரும். சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. மாடியில் குடியிருப்பவர்தான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதய டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு எப்படி சார் இருக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நெஞ்சைக் காட்ட வந்தா பல்லைக் கேக்கறீங்களே?"

அவர் பொறுமையாக விளக்கினார். என் இதய வால்வு ஒன்று ஏற்கெனவே பழுதுபட்டிருந்ததாம். புண்ணான ஈறு வழியாக ரத்தத்தில் கலந்த கிருமி, அங்கே போய் ஒட்டிக்கொண்டு விட்டது. "வாரக்கணக்குல ஊசி மருந்து ஏத்தணும். அதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன்தான். கூட யாரு சார் இருக்காங்க?"

மகளுக்கு மாடிவீட்டுக்காரர்தான் போன் போட்டார். நான் பயந்துபோயிருந்தேன்.

அன்று மகள் போனில் அழுதாள். லீவு கேட்டிருப்பதாகச் சொன்னாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் என் வாயில் வந்துவிட்டது. "பக்கத்துல இருந்தப்பவே கிட்ட வரல. இப்ப வந்து என்னா செய்யப்போற?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பப்பா, உங்க வாய் ரொம்ப நாறுச்சு. சொன்னா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னுதான் சொல்லல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அதைச் சொல்லத்தானே எனக்கு ஒரு ஆள் இல்லாமல் போயிற்று!

நல்லவேளை, மருந்து கேட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். லீவு கிடைக்கும்போது வந்தால் போதும் என்று மகளிடமும் சொல்லிவிட்டேன். பிறகு பல் டாக்டரம்மா ஆடிய பற்களைப் பிடுங்கினார். சில வாரங்கள் தொடர்ந்து என்னை வரச்சொல்லி ஈறுகளைச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கையால் என் தாடையைத் தாங்கிக்கொண்டு, குனிந்து, "வலிக்குதா சார்?" என்று கேட்பார். என் முகத்தை ஒருவர் தொட்டு எத்தனை காலமாயிற்று என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

போன வாரம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஈறெல்லாம் நல்லா ஆறிடுச்சு சார். இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் நாற்காலியை விட்டு எழாமலே, "நடுவுல ஒருதரம் வரலாமா?" என்று கேட்டேன்.