தொண்ணூற்றெட்டை மாற்றலாமா

"...வாயில்லா ஜீவன் நைனா அது. அது மேல பழியப் போட்டுட்டு நீ பாட்டுக்கு வண்டிய எடுத்துக்கினு பொன்னேரிக்குப் போயிடுவ. நான்தான நாள் முச்சூடும் அது மூஞ்சில முழிக்கணும்?"

அக்கா வாயில்லா ஜீவன் என்று சொன்னது ஒரு கம்ப்யூட்டரை. திரையின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்க, அது எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் உறுமிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் ரோட்டில் ஒரு எடை மேடை இருந்தது. இரும்பு உருக்கும் மில்களுக்குப் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள் அங்கே பாரத்தோடு ஒருமுறை ஏறும், இறக்கிவிட்டுக் காலியாக ஒருமுறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. மேடையை ஒட்டி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் அக்கா. மேடையின் முதலாளி பாய், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். எதிர்ச்சாரியில் அவருக்கு ஹார்டுவேர் கடையும் இருந்தது. நான் பொன்னேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை, கெட்டுப்போன பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். பாய்க்கு ஏதாவது மக்கர் பண்ணினால் எனக்குத்தான் போன் வரும்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. லாரி மேடையில் ஏறியதும் வெளியே பலகையில் சிவப்பு எழுத்தில் எடை தெரியும். ஒயர் வழியாக அதே எண் கம்ப்யூட்டருக்கும் வந்துவிடும். ஒரு கீயைத் தட்டினால் சீட்டு அடித்துவிடும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அக்கா தட்டமாட்டார். ஜன்னல் வழியே குரல் கொடுப்பார்.

"இன்னா காட்டுது, வாயத் தொறந்து சொல்லு. அப்பால அக்கா கொறச்சிப் போட்டுட்ச்சின்னு டீக்கடைல பேசக் கூடாது."

டிரைவர் உரக்கப் படிப்பான். அதற்கப்புறம்தான் சீட்டு. ஆந்திராவிலிருந்து வரும் டிரைவர்கள் தெலுங்கில் படிப்பார்கள். "உன் பாஷைல சொன்னா எட கூடாது நைனா" என்பார் அக்கா. வேறு மேடையின் சீட்டைத் திருப்பி அனுப்பும் மில்காரர்கள்கூட இந்தச் சீட்டை மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். "நம்ம தங்கச்சி கை பட்ட சீட்டு" என்று பாய் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. எக்ஸ்பி வந்து சில வருஷம் ஆகி, ஊரெல்லாம் அதற்கு மாறிக்கொண்டிருந்தது. மில்களில் பென் டிரைவ் நீட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதைச் சொருகினால் தொண்ணூற்றெட்டு, தெரியாத ஆளைப் பார்த்ததுபோல விழிக்கும். பாய் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, புது சிஸ்டம் போட்டா பழைய எடை புரோகிராம் ஓடாதாமே? அதையும் புதுசா வாங்கணும்கிறாங்க. போடலாமா, இப்படியே ஓட்டலாமா? நீ என்ன சொல்றியோ அதான்."

நான் வேறொரு பெட்டியில் எக்ஸ்பியும் புது புரோகிராமும் ஏற்றி, அக்கா பழகிப் பார்க்கட்டும் என்று பழையதன் பக்கத்திலேயே வைத்தேன். பழைய புரோகிராம் கருப்புத் திரை. மவுஸே வேண்டாம், எந்தக் கீக்குப் பின் எந்தக் கீ என்று விரலுக்குத் தெரிந்தால் போதும். புதியது அப்படி இல்லை. கட்டம் கட்டமாக வரும், ஒவ்வொன்றாகப் பார்த்து மவுஸால் அமுக்கவேண்டும்.

பெட்டியை ஆன் செய்தேன். நீல வானமும் பச்சை மேடுமாக அந்தப் படம் வந்தது. அந்த நாளில் எந்தக் கடைக்குப் போனாலும் இருக்குமே, மனுஷ வாடையே இல்லாத அந்தப் புல்மேடு.

"எப்படி இருக்குக்கா?"

அக்கா திரைப்பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். சிரித்தார்.

"பாயோட பேரனையே இதுலயும் போட்டுட்டியா? நல்லா சிரிக்குதுடா கொழந்த."

பழைய பெட்டியில் பாயின் பேரன் படம் இருந்தது வாஸ்தவம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாததிலேயே அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

"கொழந்த இல்லியா?"

"இல்லக்கா. வெறும் புல்லு."

"சக்கர வியாதி நைனா," என்றார். "கண்ணுல போயி ஒக்காந்துக்கினு கீது. லாரி வந்தா கருப்பா ஒரு மலையாட்டம் தெரியும். போர்டு செவப்பா தெரியும், நம்பரு தெரியாது. முன்னல்லாம் நான் படிக்கச் சொன்னது நாயத்துக்குத்தான். இப்ப அதான் எனக்குக் கண்ணு. ஆஸ்பத்திரில பாத்துட்டாங்கோ, போனது போனதுதான்றாங்கோ. வூட்ல தெரியாது. தெரிஞ்சா குந்து ஒரு மூலைலன்னுடுவாங்கோ. மருமக நல்ல பொண்ணுதான். ஆனா மூலைல குந்தினா நான் யாரு? இங்க அக்கான்னு கூப்புட அத்தினி லாரி கீது."

டேப் கீயைத் தட்டியே புது புரோகிராமை ஓட்ட முடியுமா என்று வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஓடும். ஆனால் நடுவில் திடீரென்று ஒரு கட்டம் எழும்பி ஏதோ கேட்கும். எப்போது எதைக் கேட்கும் என்று எனக்கே பிடிபடவில்லை. பாயிடம் போய், "பழசே நல்லாத்தான் ஓடுது பாய், கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். நீ சொன்னால் சரி என்றார். அக்கா எனக்கு டீயும் மசால் வடையும் வரவழைத்துக் கொடுத்தார். "வக்கீலு ஃபீஸ்" என்றார்.

அடுத்த மாதமே மில்லிலிருந்து ஒரு சீட்டு திரும்பி வந்தது. லாரியின் காலி எடை மிகக் குறைவாக இருக்கிறதென்று மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பெரிய வித்தியாசம். காலி எடை குறைந்தால் சரக்குக் கணக்கு அந்த அளவுக்கு ஏறிவிடும். பாய் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கடைக்கு வரச்சொன்னார். நம்ம தங்கச்சியிடம் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்தப் பழைய பேஜாருதான் தப்புத் தப்பா அடிக்குது தம்பி. நல்லாப் பார்த்துச் சொல்லு. மெஷின்ல கோளாறுன்னா இன்னிக்கே புதுசு. நான் ஜும்மா தொழுகைக்குப் போயிட்டு வந்துடறேன்."

பார்த்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்று சொன்னால் எக்ஸ்பி வரும், அக்கா எழுந்து போகவேண்டியதுதான். கோளாறு இல்லை என்று சொன்னால் அப்போது யார் தப்பு என்ற கேள்வி வரும், அப்போதும் அக்கா எழுந்து போகவேண்டியதுதான். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பொய் கிடைத்தது.

"ஒயர் லூசா இருந்துச்சுன்னு சொல்லிடறேன்க்கா. இப்ப சரி பண்ணிட்டேன்னு சொன்னா பழசே ஓடட்டும்னு விட்டுடுவாரு."

அக்கா பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. சீட்டுக்காக நின்ற இரண்டு டிரைவர்கள். உள்ளே கேட்கும் என்று நினைக்கவில்லை போல.

"அன்னிக்கு நான்தான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். காலி வண்டிய பாதி ஏத்தி நிறுத்தினான், பின் டயரு மொத்தமும் தரைல கீது. போர்டுல இருந்தத அப்டியே படிச்சான், அக்காவும் சீட்டு போட்டுட்ச்சி."

"அக்காவுக்குத் தெரியாமயா? அதுக்கும் காசு குடுத்து கவனிச்சிருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் அக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி டயரைப் பார்க்காமல் கீயைத் தொட்டதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அப்படி நினைத்தார்கள்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு கையை நீட்டித் தடவி, புடவைத் தலைப்பால் அதன்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார்.

"ஒயரும் வேணாம் ஒண்ணும் வேணாம்," என்றார். அப்போதுதான் வாயில்லா ஜீவன் என்றதும், பழியைப் போட்டுவிட்டு நீ போய்விடுவாய் என்றதும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை.

"கண்ணு போச்சின்னு ஊரே சொல்லட்டும், கேட்டுக்கறேன். காசு துன்னுட்டாள்னு சொன்னா அத கேட்டுக்கினு இங்க குந்த முடியாது நைனா. புதுசே போட்ரு. நல்லா கண்ணு தெரியற பொண்ணாப் பாத்து வைக்கச் சொல்லு. பாய் வந்துட்டாரா பாரு."

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்ச்சாரியில் கடை வாசலில் பாய் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். வந்துவிட்டார் என்றேன்.

அக்கா எழுந்தார். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார். வெயிலில் வரிசையாக நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போகச் சொல்லிக் கையை நீட்டினார்.