கேஸ் டிரம் இறங்கிய சாயங்காலம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் கோவிலம்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கீரைப் பாத்தியும், சில மாடுகளும், கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாண எரிவாயுக் குழியும் இருந்தன. குழிமேல் கவிழ்த்திருந்த இரும்பு டிரம், கேஸ் சேர்ந்தால் ஏறும், செலவானால் இறங்கும். வேலையை நியாயமாகத்தான் பிரித்திருந்தோம். சாணி அள்ளி, தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து ஊற்றுவது என் மனைவி. வால்வைத் திறப்பது நான். இரும்பு சம்பந்தப்பட்டதெல்லாம் ஆம்பிளை வேலை ஆயிற்றே!

அவளுக்குத் தாம்பரம் பக்கம் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே தையல் பழகி, அந்த வேலைக்காகக் காத்திருந்தவள்.

"காலையில சாணிய நீங்க கரைச்சிருவீங்களா?"

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன்.

முதல் நாளே ஒரு கண்டுபிடிப்பு நிகழ்த்தினேன். கையை ஏன் விடவேண்டும்? ஓஸ் பைப்பால் கொட்டகைச் சாணியை அப்படியே குழி வாய்க்குள் அடித்துத் தள்ளினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தினமும் அப்படியே.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், டிரம் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. கேஸ் எங்கே போயிருக்கும்? வீடு முழுக்கத்தான்! நானோ வரிசையாகத் தீக்குச்சி கிழித்துவிட்டு வந்திருக்கிறேன். உயிரோடுதான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. மாடுகளை அவிழ்த்து ரோட்டுக்கு ஓட்டி, ஒரு கையில் கயிறும் மறு கையில் ரேஷன் கார்டுமாக நின்றேன்.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, ஊர்வலமா?"

"வூடு வெடிக்கப் போவுது பாய், தள்ளி நில்லு!"

"உள்ள யாருனா கீறாங்களா?"

"யாருமில்ல."

"அப்ப வெடிக்கட்டும். மாட்ட ஓரமா இஸ்துக்கோ, பஸ்ஸு வருது."

அந்த பஸ்ஸிலிருந்துதான் மனைவி இறங்கினாள். என்னையும் மாடுகளையும் பார்த்தவள், நேரே பின்பக்கம் போய்க் குழி வாயில் கைவிட்டுக் கலக்கினாள்.

"இது சாணி இல்லீங்க, மோரு. இவ்ளோ தண்ணி ஊத்துனா கேஸ் எங்கேர்ந்து வரும்?"

பின்னாலேயே வந்திருந்த பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஊரெல்லாம் நானே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று விறகில்தான் சோறு. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளையிலேர்ந்து நான் போகல. இங்க யாராவது பாக்கணும்ல." குரலில் கோபமில்லை. "சரி" என்றேன், எவ்வளவு நிம்மதியாக! வீடு வெடிக்கும் என்று அப்படிப் பதறியவனுக்கு, அந்த ஒரு நிமிஷம் மட்டும் பதற்றமே வரவில்லை. இன்றைக்கும் அந்த 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

டிரம் மறுபடி ஏறி, அடுப்பு நீலமாக எரியத் தொடங்கிய ஒரு நாள், "இனிமே நான் கெட்டியாவே கரைக்கிறேன். நீ கம்பெனிக்குப் போ" என்றேன்.

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"போன வாரமே போய்க் கேட்டேங்க. என் மிஷின்ல வேற பொண்ணு உக்காந்துட்டிருக்கு."