கையில பச்ச மண்ணு

போன வருஷம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சூளையில் சுடாத பொம்மையைப் பச்சை மண் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதுதான் வினையாகிவிட்டது.

அன்று சூளைக்குப் பொம்மை ஏற்றிய லோடு ஆட்டோ கிளம்பிப் போன பிறகுதான், தவழும் குழந்தை பொம்மை ஒன்று மேசையிலேயே தங்கிவிட்டதைப் பார்த்தேன். வியாபாரிக்குக் காட்ட மாதிரியாகச் செய்தது. ஈரத்துணியில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு, சூளை இருக்கும் இடத்துக்கு நடந்தேன். உச்சி வெயில். ரோட்டில் ஈ காக்கா இல்லை. அதுவரை மண் சலித்துக்கொண்டிருந்ததால் தலை, புருவம், கை எல்லாம் வெள்ளைப் பொடி.

ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கில் வந்தார். கை காட்டினேன், நிறுத்தினார்.

“கையில பச்ச மண்ணு இருக்குதுங்க. வெயில்ல வெடிச்சிடும். சூளை வரைக்கும் வுட்டுடுங்க” என்றேன்.

குழந்தையா என்று கேட்டார். ஆமாம், தவழ்கிற குழந்தை, நாளைக்குச் சூளையில் வைக்கப் போகிறோம் என்று விவரமாகவே சொன்னேன். அடுத்த நொடி பைக் பறந்துவிட்டது. லிஃப்ட் கொடுக்க இவ்வளவு கசக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன்.

அதே வாரம் வாட்ஸப்பில் ஒரு பேய் கிளம்பியது. முழங்கால் வரை முடி, தரையில் படாத கால், கையில் கரிந்துபோன குழந்தை. பட்டப்பகல் நடுராத்திரியாகியிருந்தது. எங்கள் ரோடு ரயில்வே கேட்டுக்கு இடம் மாறியிருந்தது. சிலர் மோகினி என்றார்கள், சிலர் ஜின் என்றார்கள். சத்தியமாக எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. நானே நாலு பேருக்கு அனுப்பிவைத்துவிட்டு, ராத்திரி பாத்ரூம் போக மகளை எழுப்பினேன்.

வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பதால், இனிமேல் போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பொம்மைக்குக் கண் வரைகிற வேலை எனக்கு உயிர். ஆனால் பேய்ப் பயம் எனக்கும் இருந்ததால் அவரோடு சண்டை போடக்கூட வாய் வரவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று சேதி வந்த அன்று உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாரோடு புடவை எடுக்க மங்கலம்பேட்டை போனேன். கடைக்காரர் துபாயிலிருந்து வந்து கடை போட்டவர். நாங்கள் விருத்தாசலம் என்றதும், புடவையை விரித்தபடியே பேய்க் கதையை ஆரம்பித்துவிட்டார். அவரே நேரில் பார்த்தாராம். காய்ச்சலில் படுத்து எழுந்தாராம். பேய் என்ன பேசியது என்று இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். அத்தனையும் நான் சொன்ன வார்த்தை.

“பாய், அது பொம்மைங்க. சுடாத பொம்மையத்தான் பச்ச மண்ணுன்னு சொல்லுவோம். ரோட்டுல நின்னது நான்தாங்க” என்றேன்.

அவர் முதலில் குனிந்து என் காலைப் பார்த்தார். கால் இருந்தது. பிறகு, பச்சை மண் என்றதும் பிறந்த குழந்தை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். கல்லாவில் இருந்த அவர் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ கோபம்தான் வந்தது. பேயாகவே இருக்கட்டும், கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கிறவளை விட்டுவிட்டு ஓடலாமா என்று கேட்டுவிட்டேன். பாவம், மனுஷர் உள்ளே போய்க் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் என் போனை வாங்கி என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

“பயப்படாதீங்க. அந்தப் பேயி உங்க வூட்டுக்காரம்மாதான்.”

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். நடந்ததை அப்படியே எழுதி வாட்ஸப்பில் போட்டேன். அதை ஒருத்தரும் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. பேய்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது யார் பேயைப் பார்த்ததாகச் சொன்னாலும் எனக்குப் பயம் வருவதில்லை. பாவம், அந்தப் பொம்பளை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாளோ என்னவோ என்றுதான் கவலையாக இருக்கிறது.