நாலாம் பாகத்தின் துறைமுகம்

என் அக்கா வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டியவர். எனக்கு மட்டுமல்ல, முறை இருக்கிறதோ இல்லையோ, தெருவுக்கே அவர் மச்சான்தான். நான் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். பழையதை வாங்கி விற்பேன், கன்ட்ரோலர் பழுதுபார்ப்பேன். ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு நேரே கடைக்கு வந்து, வந்ததும் வராததுமாக யாரிடமாவது வம்பு வளர்ப்பார்.

வம்புக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். அந்தக் காலத்து ராஜ்ஜியங்களில் இஷ்டப்படி சுற்றித் திரியலாம் என்று ஒரு கேம் வரிசை. கடைக்கு வருகிறவர்களுக்குக் குதிரைப் போர் இருக்கிற இரண்டாம் பாகம் உசத்தி. மச்சானுக்கு நாலாம் பாகம். அது ஒரு பழைய துறைமுக நகரத்தில் நடக்கிறது.

"மத்ததெல்லாம் அம்புக்குறி பின்னாடி ஆடு மாதிரி ஓடுறது. இதுலதான் ஊருக்குள்ள நடக்குறோம்," என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயம் இருந்தது. மற்ற பாகங்களில் திரையின் மூலையில் ஒரு குட்டி வரைபடம் மினுக்கிக்கொண்டே இருக்கும். கண் அதிலேயே கிடக்கும். நகரத்தை யார் பார்ப்பது? நாலாம் பாகத்தில் வரைபடமே கிடையாது, காதை நம்பித்தான் போக வேண்டும். பட்டறையில் இரும்பு அடிப்பது இடப்பக்கம் கேட்டால் ஆயுதத் தெரு. கடற்பறவைகளின் கத்தல் வலுத்தால் துறைமுகம் கிட்டே. யாரையும் கொல்லாமல், வெறுமனே நடந்தே ஒரு பொழுதைக் கழிக்கலாம். அவர் பேச்சில் மயங்கி நானும் கடை வாசலில் 'நாலாம் பாகமே சிறந்தது' என்று பலகை எழுதி மாட்டினேன்.

பிறகு ஐந்தாம் பாகம் வந்தது. முதல் டிஸ்க்கை மச்சானுக்கென்று எடுத்து வைத்து, கடையிலேயே போட்டுக் கொடுத்தேன். வரைபடம் பழையபடி மூலைக்கு வந்திருந்தது. வலப்பக்கம் ஒருவன் கத்தியோடு வருகிறான், திரையின் ஓரம் சிவப்பாக எரிகிறது, மச்சான் அசையவே இல்லை. செத்தார். மறுபடியும் அதே இடத்தில் செத்தார். "காசுக்குப் பிடிச்ச கேடு," என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"மூலையில அம்புக்குறி காட்டுதே மச்சான், பாக்கலையா?"

"எந்த மூலையில?"

எனக்குச் சுருக்கென்றது. டீக் கோப்பையை அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன். வாங்கவில்லை. மெல்ல முன்னால் கொண்டுபோனேன். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கை உயர்ந்தது. இந்த மனிதர் அன்று காலையில் பஸ் நிறைய ஜனங்களோடு பள்ளிக்கூட வாசலைக் கடந்து வந்தவர்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வருது மாப்ள. நடுவுல நல்லாத்தான் தெரியுது. கண் டெஸ்ட்ல எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சேன். பக்கத்துல என்ன தெரியுதுன்னு எவனும் கேக்கல." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தலையத் திருப்பித் திருப்பி ஓட்டிடுறேன். ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேற என்ன தெரியும், நீயே சொல்லு."

"ஆள் மேல ஏத்திக் கொன்ன பிறகு சொல்லலாம்னு இருந்தீங்களா? நாளைக்கு வண்டி எடுத்தா நானே டிப்போவுல போய்ச் சொல்லிடுவேன்."

"நீ சொல்ல வேணாம். நானே போறேன்," என்றார்.

போனார். மறுநாள் காலையிலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டு, சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார். பார்வை நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சமும் நிற்குமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா?" என்று அக்கா கேட்டாள். சொட்டு மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிரவில்லை.

இப்போது அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மச்சானுக்கு நடுவிலும் புகை படிந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகவே பயப்படுகிறார். நாலாம் பாகத்தை அவர் வீட்டிலேயே மாட்டிக் கொடுத்தேன். திரையைப் பார்க்காமல், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு, அந்த நகரம் முழுக்க நடக்கிறார். "மீன் சந்தை தாண்டிட்டேன் பாரு," என்பார். பார்த்தால் தாண்டித்தான் இருப்பார். அவர் துணையில்லாமல் போய்வர மிஞ்சிய ஒரே ஊர் அதுதான்.

ஹெட்போன் கொண்டுபோனேன், மாட்ட மாட்டேன் என்றுவிட்டார். "கதவு தொறக்குறது, உங்கக்கா வர்றது எதுவும் கேக்காது. காதையும் அடைச்சுக்கிட்டா அப்புறம் நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது மாப்ள."

நேற்று நான் அங்கே இருந்தபோது அக்கா வேலை முடிந்து வந்தாள். விடிந்ததிலிருந்து சலவை மெஷின்களின் இரைச்சலில் நின்றவள். அவர்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரே அறை.

"கொஞ்சம் சத்தத்தக் குறைங்களேன், மண்டை வெடிக்குது," என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் படுத்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மச்சான் ரிமோட்டைத் தடவி எடுத்து, சத்தத்தை அடியோடு நிறுத்தினார். கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரல் முன்னோக்கி அழுத்தியபடியே இருந்தது. திரையில் அவர் ஆள் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே கால்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, அக்காவுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தார்.

"கடல்கிட்ட வந்துட்டேனா மாப்ள?"

"வந்துட்டீங்க மச்சான்," என்றேன்.