பாதி சொன்ன கனவு

கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் பேங்கிலும் கையெழுத்துப் போடத்தான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்னும் எனக்குச் சரியாக வராது. படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். தோட்டம் வேறொருவருடையது. தண்ணீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது, கொடியை வெட்டிக் கவாத்து செய்வது எல்லாம் என் பொறுப்பு. என் மனைவி மலைக்கு மேலே, கேரளாப் பக்கம், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். பதினான்கு பதினைந்து பெண்களை அடைத்துக்கொண்டு கம்பமெட்டு வளைவுகளில் ஏறும். சாயங்காலம் அதே வழியாக இறங்கும். மகளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை விடிகாலையில் அந்தக் கனவு வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு என் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். கூட்டம் இருந்தது, ஆனால் ஒருவரும் அழவில்லை. நானும் அழவில்லை. வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அரிசியை அள்ளி அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் கண்ணைத் திறந்து, ஜீப் போய்விட்டதா என்று கேட்டாள். இன்னும் போகவில்லை என்றேன். உடனே எழுந்து, அந்தப் பட்டோடும் பூவோடும் தெரு முனையைப் பார்த்து நடந்தாள்.

விழித்தபோது வெளியே நிஜமாகவே ஜீப்பின் ஆரன் கேட்டது. அடுப்படியில் விளக்கு அணைந்திருந்தது. எனக்கான சோறு மூடி வைத்திருந்தது. அவள் போய்விட்டாள்.

சாவுக் கனவைப் பற்றி எங்கள் பக்கம் பல பேச்சு உண்டு. ஒருவர் செத்ததாகக் கண்டால் அவருக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். ஆனால் பட்டும் பூவுமாகக் கண்டால் கெடுதல். செத்தவர் எழுந்து பேசினால் அதற்கு வேறு பலன். முன்னிரவுக் கனவு பலிக்க ஒரு வருஷம் ஆகும், விடிகாலைக் கனவுக்குப் பத்தே நாள். பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் கனவில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. எது எதை ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பரிகாரம் மட்டும் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கெட்ட கனவு கண்டவன் எந்த மனுசரிடமும் வாய் திறக்கும் முன், ஓடுகிற தண்ணீரிடம் போய் அதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். கனவில் வந்த ஆளுக்கு அதற்கு முன்னால் தெரியக் கூடாது.

வாயை மூடிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தேன். டீக்கடையில் இருந்தவர் எனக்கு மாமன் முறை. டீ குடிக்கக் கூப்பிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பல்லு வலியா மாப்ள, இல்லை வீட்டில் சண்டையா என்று கேட்டுச் சிரித்தார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அணை திறக்க இன்னும் நாள் இருந்தது. சிமெண்டுத் தரையில் ஆடுகள் படுத்திருந்தன. ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், கண்டக்டரிடம் பேச வேண்டும்.

அதனால் தோட்டத்துக்குப் போனேன். மோட்டாரைப் போட்டேன். சொட்டு நீர்க் குழாயில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும், ஓடாது. ஆனால் அடைப்பு எடுப்பதற்காகக் குழாயின் கடைசி மூடியைக் கழற்றினால் கை கனத்துக்குத் தண்ணீர் ஓடும். பந்தலின் மூலையில் அந்த மூடியைக் கழற்றிவிட்டு, முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். பெஞ்சைச் சொன்னேன். பட்டைச் சொன்னேன். பூவைச் சொன்னேன். வாய்க்கரிசி என்று சொல்லும்போது கரண்ட் போய்விட்டது.

குழாய் இரண்டு தரம் கொப்பளித்துவிட்டு நின்றது. ஓடிய தண்ணீர் அங்கேயே மண்ணில் ஊறிப்போனது. எதையும் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை.

கரண்டுக்காக மோட்டார் ரூமிலேயே காத்திருந்தேன். அதற்குள் தோட்டத்து முதலாளி வந்து மருந்து எத்தனை டேங்க் இருக்கிறது என்று கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்து மறுபடி கேட்டார். மூன்று என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாய் திறந்துவிட்டது உறைத்தது. நல்ல பாதி தண்ணீரில் போயிற்றா, கெட்ட பாதி என்னிடமே தங்கிவிட்டதா என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். அவள் செத்துக் கிடந்ததை, அதாவது ஆயுசு தருகிற பாதியைத் தண்ணீரிடம் சொல்லிக் கரைத்துவிட்டேன். எழுந்து ஜீப்புக்குப் போனதை வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படித்தான் மனசு கணக்குப் போட்டது; பட்டும் பூவும் கூடவே கரைந்ததை அது எண்ணவில்லை.

மறுநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி வைத்து, பக்கத்தில் ஒரு மாத்திரையும் வைத்துவிட்டு ஜீப் ஏறிப் போனாள். சாயங்காலம் ஜீப் இறங்கும் வரை அந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். எள் தீபம் வாங்கினேன். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அர்ச்சகரிடம், ஒரு சாவுக் கனவு கண்டதாகச் சொன்னேன். யாருடைய சாவு என்று கேட்டார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பொண்டாட்டி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் தெளிந்தது. “அப்பிடின்னா பயப்படாதீங்க. தன்னோட சாவத் தானே கண்டா ஒரு கண்டம் கழிஞ்சதுன்னு அர்த்தம். ஒடம்பால பட வேண்டிய கர்மத்தக் கனவுலயே பட்டுத் தீத்தாச்சு” என்றார். என் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்து, விபூதி கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் செய்த தப்பு புரிந்தது. அடுத்தவர் சாவைக் கண்டால் என்ன அர்த்தம் என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. அவளுக்கு வர வேண்டிய அர்ச்சனையையும் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கனவில் கர்மம் தீரும் என்றால், கண்டவனுக்குத் தீருமா, காணப்பட்டவளுக்குத் தீருமா? திரும்பிப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அவள் வந்து, ஏலச் செடியின் சாறு பிடித்துக் கறுத்த விரல்களைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும், ஜீப் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன் என்பதையும், விபூதி பூசாத ஆள் விபூதி பூசுகிறேன் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எதையோ வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கிறீக. ஒடம்புக்கு என்னமும் வந்துருச்சா? ஆசுபத்திரியில எதுவும் சொன்னாகளா?”

எனக்கு நோய் என்று அவள் நினைத்துவிட்டாள். அவள் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கரண்ட் போனது, குச்சனூரில் பொய் சொன்னது எல்லாம்.

ஜீப் போய்விட்டதா என்று அவள் கேட்ட இடம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

“செத்தவளயும் வேலைக்கு அனுப்பிட்டீகளே. ஒரு நா லீவு குடுக்க மனசு வரல.”

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. உள்ளேயிருந்தே கேட்டாள்.

“இன்னைக்கு எத்தனாவது நாளு?”

ஏழு என்றேன். அவளும் எண்ணத் தொடங்கிவிட்டாள் என்று புரிந்தது.

சோறு போடும்போது அவளே முடிவு சொன்னாள். அவர்கள் வேலை செய்யும் ஏலத்தோட்டத்தில் ஒரு ஓடை இருக்கிறதாம். கோடையிலும் நிற்காதாம். நாளைக்கே நான் கூட வந்து அதனிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்; முறை தப்பியிருந்தாலும் சொல்லாமல் விடுவதைவிட அது மேல் என்றாள். அந்த ஓடைக்குப் போக அந்த ஜீப்பில்தான் ஏற வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை விடிகாலையில், அத்தனை பெண்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிரைவரின் பிடரியையே பார்த்தேன். ஒரு வயசான அம்மா, “என்னாத்தா, புருசனத் துணைக்குக் கூட்டியாந்துட்டியா, இல்ல அங்கன விட்டுட்டு வரப் போறியா?” என்று கேட்க, ஜீப்பே குலுங்கியது. அப்படி விட்டால் கேரளாக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று என் மனைவி சொன்னாள். மலை ஏறும் வரை ஒருவருக்கொருவர் கிண்டலும் சிரிப்புமாகத்தான் இருந்தது.

பாதி மலையில், ஓரத்தில் தடுப்பே இல்லாத பள்ளத்தோடு ஒரு வளைவு வந்தது. பேச்சு சட்டென்று நின்றது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. அத்தனை பெண்களின் கையும் வேலைக்காகச் சேலைக்கு மேலே போட்டிருந்த ஆம்பளைச் சட்டைக்குள் போய்த் தாலியைப் பிடித்தது. தாலி இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவியின் கையும் உள்ளே போயிற்று. கண்ணை மூடியிருந்தாள். வளைவு தாண்டியது. கைகள் வெளியே வந்தன. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது.

இதை அவள் தினமும் செய்கிறாள். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். எத்தனையோ வருஷமாக. என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஓடை சின்னதுதான், ஆனால் ஓடியது. அவள் என்னை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேலே போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். சொல்லி முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், தான் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் பெஞ்சிலிருந்து தொடங்கி, தெரு முனையில் அவள் நடந்தது வரை சொன்னேன். இந்த முறை தண்ணீர் நிற்கவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பினேன். நடந்தேன்.

ஏலக்காட்டில் தரையெல்லாம் ஈரச் சருகு. காலடிச் சத்தமே கேட்காது. பத்து அடி நடந்தேன். இருபது அடி நடந்தேன். பின்னால் எதுவும் கேட்கவில்லை. கூப்பிடலாமா கூடாதா என்று தெரியவில்லை. இன்னும் நாலு அடி வைத்தேன். என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

“ஏங்க திரும்புனீக?”

“நீ வாரியான்னு பாத்தேன்” என்றேன்.

அவள் திட்டவில்லை. அட்டையை எறிந்துவிட்டு வந்து என் முன்னால் நடந்தாள். அன்றைக்கு நானும் அவர்களோடு களை பறித்தேன். சாயங்காலம் இறங்கும்போது அந்த வளைவில் பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கேலி செய்யவில்லை.

பத்து நாள் கழிந்தது. ஒரு மண்டலமும் கழிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கனவு ஆயுசு தருகிற கனவாகவே இருந்ததோ, ஓடை எடுத்துக்கொண்டு போயிற்றோ, நான் திரும்பிப் பார்த்தது குற்றமோ இல்லையோ, இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கர்மம் கனவில் கழியும் என்றார் அர்ச்சகர். கழிந்தால் பயமும் கூடவே போக வேண்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. என்னுடையது போகவில்லை. முன்னால் கனவுக்குப் பயந்தேன். இப்போது அந்த வளைவுக்குப் பயப்படுகிறேன். அதுவும் தினம் இரண்டு தரம், அவள் கை சட்டைக்குள் போகும் நேரம் பார்த்து, விடிகாலையில் வீட்டு வாசலிலும், சாயங்காலம் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் வேலையை நிறுத்திவிட்டும் சும்மா நிற்கிறேன்.

இன்று எனக்கு வேலை இல்லை. இதை எழுதி முடிக்கும்போது அவர்கள் மேலே வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். ஜீப் இன்னும் கிளம்பியிருக்காது.

ஆவணி மாதம், பதினோராம் தேதி.